சொட்டாத சுவர்

சங்கக் கூட்டங்களில் பூரிங் சுமாந்தே எப்போதும் கடைசி வரிசையில்தான் உட்காருவாள். அங்கிருந்து எல்லாருடைய பிடரியும் தெரியும். பொய் சொல்லுகிறவன் முகத்தைச் சரிசெய்துகொள்வான். பிடரியைச் சரிசெய்ய அவனுக்குத் தெரியாது. முன்வரிசை நடுவில் இருந்த பிடரி தடித்தது, மடிப்பு விழுந்தது, ஒவ்வொரு கூட்டத்துக்கும் புதிதாகச் சவரம் செய்துகொண்டு வருவது. சங்கத் தலைவர் இஞ்சினியர் கௌதென்சியோ எஸ்கோத்தோவுடையது. ஊர் அவரைத் தென்சியோ என்றது. அந்தப் பிடரியோடு பூரிங்குக்கு முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருந்தது.

பாணாய் தீவின் மேற்குக் கரையில் சாலை, மதகு, வாய்க்கால், தாங்குசுவர் என்று மண்ணோடும் மழையோடும் மல்லுக்கட்டிப் பிழைக்கிற சின்ன ஒப்பந்தக்காரர்களின் சங்கம் அது. சான் மௌரோவில் மீன் சந்தைக்குப் பின்னால், மாடியில் ஒரு கூடம். சங்கத்துக்கு ஒரே பல்லவிதான். அரசாங்கம் இந்தக் கரைக்கும் சாலைக்கென்று ஒதுக்க வேண்டும். ஒதுக்கிய வேலையை மணிலாக் கம்பெனி ஒன்றிடம் மொத்தமாகத் தூக்கிக் கொடுக்காமல் துண்டு துண்டாகப் பிரித்து உள்ளூர்க்காரர்களுக்குத் தர வேண்டும். ஆளுநர்கள் மாறினார்கள், அமைச்சர்கள் மாறினார்கள், பல்லவி மாறவில்லை. அதைச் சட்டையில் அச்சடித்து எல்லாரும் போட்டுக்கொண்டிருந்தார்கள். பூரிங்கும் போட்டிருந்தாள். அவளுக்கு அதில் நம்பிக்கை உண்டு. பழி வேறு, சாலை வேறு.

இளவயதில் அவள் வெளிநாட்டு வேலைக்காக நோயாளிப் பராமரிப்புப் பயிற்சி முடித்தவள். விமானம் ஏறுமுன் ரோடு ரோலர் ஓட்டிய பொன்சிங்கைக் கட்டிக்கொண்டாள். அவன் ஆட்களைப் பார்த்துக்கொண்டான், இவள் மற்றதையெல்லாம் பார்த்துக்கொண்டாள். இருவருமாகச் சேர்ந்து சுமாந்தே கம்பெனி என்று ஒன்றை நிறுத்தினார்கள். தாங்குசுவர் கட்டுவதில் அவர்களுக்கு நல்ல பெயர். மலைச்சரிவில் சாலை போடும்போது மண் சரிந்து விழாமல் பிடித்துக்கொள்கிற சுவர் அது. பிள்ளை பிறக்கவில்லை. அதற்காக யாரும் மூக்கைச் சிந்த அவள் இடம் கொடுத்ததில்லை.

கெட்டது நடந்தது இகாய் மலைச்சாலையில். சாலையின் கீழ்ப்பக்கச் சுவர் பூரிங்கின் வேலை. மேல்பக்க வாய்க்காலும், சாலைக்கு அடியில் தண்ணீரைக் கடத்தும் குழாயும் தென்சியோவின் வேலை. தென்சியோவின் ஆட்கள் வெட்டின மண்ணைக் குழாயின் வாயிலேயே கொட்டிவிட்டுப் போனார்கள். புயல் வந்தது. தண்ணீருக்குப் போக வழியில்லை. சாலைக்குள் இறங்கி மண்ணை ஊற வைத்துப் பூரிங்கின் சுவரைத் தள்ளிவிட்டது. விழுந்ததை அகற்றும் அவசர வேலையையும் தென்சியோவே வாங்கிக்கொண்டார். யாரும் வந்து பார்ப்பதற்குள் குழாயின் வாய் சுத்தமாக இருந்தது. பூரிங்கின் மேஸ்திரி பெரோங் மண் மூடின குழாயைக் கண்ணால் பார்த்தவன். சங்கத்தில் பாதிப்பேரும் பார்த்தார்கள். அந்த மழையில் எல்லாருக்கும் அந்த மலையில் ஏதாவது வேலை இருந்தது.

அதற்கடுத்த மாதம், இகாய் சாலையின் மீதியை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்க இலோய்லோ நகரத்தில் விசாரணை நடந்தது. சங்கத்தின் சார்பில் பேச ஏற்கெனவே பூரிங்கைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். எழுந்து மைக்கைப் பிடித்தாள். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி காகிதத்தைப் புரட்டிவிட்டுக் கேட்டார்:

"அதெல்லாம் இருக்கட்டும்மா. போன புயல்ல ஒரு சுவர் விழுந்துச்சே, அது யாரு கட்டினது?"

அவள் வாயைத் திறப்பதற்குள் தென்சியோ எழுந்து வந்து, மைக்கை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பிடுங்கவில்லை. மூத்த அண்ணன் தங்கையின் கையிலிருந்து பாரத்தை வாங்குவது போல வாங்கினார்.

"அது சுமாந்தே கம்பெனி வேலைங்க ஐயா. மறைக்க வேண்டியது ஒண்ணுமில்ல. முப்பத்திரண்டு பல்லுல ஒண்ணு சொத்தையா இருக்கும். அதுக்காக வாயையே தைச்சிரலாமா? சொத்தைய நாங்களே பிடுங்கிருவோம்."

அதிகாரிகள் சிரித்தார்கள். பூரிங் திரும்பித் தன் சங்கத்துக்காரர்களைப் பார்த்தாள். ஒருவன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜல்லி மாந்திங், வடக்குக் கரையில் கல் உடைக்கிற ஆலை வைத்திருந்தவன், கூரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பூரிங்கின் கம்பெனி ஒரு வருஷம் ஏலத்தில் கலந்துகொள்ளக் கூடாது என்று தள்ளிவைக்கப்பட்டது. சாலை எப்படியும் மணிலாக் கம்பெனிக்குத்தான் போனது. அதற்கு மண்ணடிக்கும் வேலை தென்சியோவுக்கு வந்தது. பூரிங்கின் நல்ல ஆட்கள் பாலைவன நாடுகளுக்குக் கப்பலேறினார்கள். அந்த மழைக்காலத்திலேயே பொன்சிங்குக்கு வாதம் அடித்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. மனசு உடைந்துதான் இப்படி ஆச்சு என்று ஊர் சொன்னது. உப்புக் கருவாட்டாலும் சிகரெட்டாலும் ஆனது. அதைப் பூரிங் தென்சியோவின் தலையில் கட்டவில்லை. அவர் தலையில் கட்ட வேண்டியது அது இல்லாமலே வேண்டிய மட்டும் இருந்தது.

படுத்தவனை அவள் பார்த்துக்கொண்ட விதத்தில் குறை சொல்ல யாராலும் முடியாது. நேரம் தவறாமல் புரட்டிப் போட்டாள். குதிகாலுக்கு அடியில் துணி சுருட்டி வைத்தாள். கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி, தலையைச் சற்று முன்னால் சாய்த்து, விழுங்கிவிட்டான் என்று தொண்டையைப் பார்த்துத் தெரிந்த பிறகே அடுத்த கரண்டி கொடுத்தாள். கடைசிவரை படுக்கைப்புண் வரவில்லை. அவனுக்குப் பேச்செல்லாம் போய் ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது. "யாவா." அந்த ஊர் வசவு அது, பிசாசு என்று அர்த்தம். பசித்தாலும் யாவா, வலித்தாலும் யாவா, பூரிங் முகம் துடைத்துவிட்டால் அன்பாகவும் யாவா. வானொலியில் தென்சியோவின் குரல் வந்தால் மட்டும் அதைப் பிழையில்லாமல், நிறுத்தி, இரண்டு தடவை சொல்வான்.

"கரெக்டாச் சொன்ன," என்பாள் பூரிங். "திரும்பிப் படு."

பெரோங் மட்டும் ஊரைவிட்டுப் போகாமல் இருந்தான். பூரிங்கை அவன் 'மானாங்' என்பான், அக்கா என்று அர்த்தம். ஒருநாள் பொன்சிங்கைத் தூக்கி நாற்காலியில் வைக்க வந்தவன், வேலை முடிந்ததும் கை கழுவிக்கொண்டே சொன்னான்:

"மானாங், உங்களுக்கு இன்னும் அந்த நாள் மனசுல ஓடுதுல்ல? யாரும் வாயத் தொறக்கலன்னு."

"ஓடல. நின்னுட்டு இருக்கு. அது சரி, நீ ஏன் தொறக்கல?"

"நான் மேஸ்திரி. என்னை உள்ளயே விடல. அவங்களச் சொல்றேன். மாந்திங்கோட மூத்த பொண்ணுக்கு ஞானத்தகப்பன் யாரு? தென்சியோ. வடக்குக்கரை ரொமுலோ பையன் கல்யாணத்துல? தென்சியோ. எல்லா வீட்டுலயும் அந்த ஆளு 'பாரே'. பாரேய விட்டுக்குடுத்துட்டு எவனாவது வீட்டுல சோறு தின்ன முடியுமா? நீங்க அவங்களுக்கு யாரு? வெறும் மெம்பரு."

பூரிங் துவாலையைப் பிழிந்து கொடியில் போட்டாள். அதுவரை அவள் இதை யோசித்ததில்லை. பிள்ளையில்லாதவள் என்பதால் அவள் யார் வீட்டுப் பிள்ளையையும் ஞானஸ்நானத் தொட்டியருகே ஏந்தப் போனதில்லை. அவள் வீட்டில் ஏந்த யாரையும் கூப்பிட்டதுமில்லை. ஞானத்தகப்பன் ஆகிறவனைப் பிள்ளை வீட்டார் 'பாரே' என்பார்கள், ஞானத்தாய் ஆகிறவளை 'மாரே' என்பார்கள். அந்த நாளிலிருந்து அவள் ரத்த உறவுக்கு மேல். அவளைப் பகைக்கக் கூடாது, அவள் கேட்டதை மறுக்கக் கூடாது. தென்சியோ இத்தனை வருஷம் சிமெண்டை வைத்துக் கட்டினதைவிட ஞானஸ்நானத்தை வைத்துக் கட்டினது அதிகம்.

"அப்ப ஏந்திக்கலாம்," என்றாள்.

"எத?"

"பிள்ளைகள."

அதிலிருந்து பூரிங் ஒரு அழைப்பையும் தட்டவில்லை. அழைக்காத இடத்தில் அழைக்க வைத்தாள். பிரசவித்தவள் வீட்டுக்குக் கோழிக் குழம்போடு போய், பால் கட்டிக்கொண்ட மார்புக்கு என்ன செய்வது என்று சொல்லிக்கொடுத்தாள். மாந்திங்கின் கடைக்குட்டிக்கு டெங்குக் காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே உட்கார்ந்து, பிள்ளை எவ்வளவு குடிக்கிறது, எவ்வளவு போகிறது என்று கவனித்துக்கொண்டாள். பிள்ளை பிழைத்தது. மாந்திங் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவளுக்குக் கோவில்ல உறுதிபூசுதல் வருது, ஞானத்தாயா நீங்கதான் நிக்கணும்," என்றான். கோவிலில் பாதிரியார் தண்ணீர் ஊற்ற, வீறிடுகிற ஈரப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பூரிங் சாத்தானையும் அவன் கிரியைகளையும் விட்டுவிடுவதாக எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். மனசுக்குள் எண்ணிக்கொண்டது வேறு: இதோ இன்னொரு வாய்.

அதற்காக அந்தப் பிள்ளைகளை அவள் சும்மா பேருக்கு வைத்துக்கொண்டாள் என்று சொல்ல முடியாது. காது சீழ் பிடித்தால் முதலில் கண்டுபிடிப்பது அவள்தான். பல் தேய்க்காத பிள்ளைக்கு அவள் கையால் ஒரு தின்பண்டமும் கிடைக்காது. பெற்றோர்கள் அவளைக் கொண்டாடினார்கள். பொன்சிங் செத்தபோது சவப்பெட்டியைத் தூக்க ஒப்பந்தக்காரர்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். தென்சியோவும் வந்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கையைப் பிடித்தார். பூரிங் கையை இழுத்துக்கொள்ளாமல் நின்றாள்.

பிறகு தென்சியோ ஒரு தப்புச் செய்தார். அந்த ஊர்க்காரர் தவிர வேறு யாரும் செய்ய முடியாத தப்பு.

அவருக்கு மகன் வயிற்றுப் பேத்தி பிறந்திருந்தாள். மருமகள் ஜோவெலினைப் பூரிங் வீட்டுக்கு அனுப்பினார். அந்தப் பெண் வாசலில் நின்று, "மானாங், பாப்பாவுக்கு நீங்க ஞானத்தாயா இருக்கணும்னு மாமா ஆசைப்படறாரு," என்றாள். கேட்டு மறுத்தால் பிள்ளைக்கு ஆகாது என்பது எல்லாருக்கும் தெரியும். தென்சியோவின் யோசனையும் தெரிந்ததுதான். மாரே ஆகிவிட்டால் பூரிங் தன்னைப் பற்றி வாய் திறக்க முடியாது. சாயங்காலம் சீட்டாட்டத்தில் சொல்லிச் சிரித்தும் இருக்கிறார்: "பாவம், வெறும் மடி. ஊரார் பிள்ளையெல்லாம் பொறுக்குது. ஒண்ணு குடுத்தா வாலைச் சுருட்டிக்கும்."

அது பெரோங் வழியாகப் பூரிங்குக்கு வந்து சேர்ந்தது.

"நல்லாத்தான் சொல்லிருக்காரு," என்றாள். "பாப்பாவுக்கு எந்த அளவு சட்டை?"

தென்சியோ யோசிக்காதது ஒன்று. கயிற்றுக்கு இரண்டு முனை. அவரைப் பற்றி அவள் பேசக் கூடாது என்றால், அவளை எதிர்த்து அவரும் பேசக் கூடாது.

மணிலாக் கம்பெனி இகாய் சாலையைப் பாதி மலையில் விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தது. நாடாளுமன்றக் குழு ஒன்று மறுபடி இலோய்லோவுக்கு வந்தது. மீதி மலையை யாருக்கு, எப்படிக் கொடுப்பது என்று கேட்க. சங்கத்துக்கு இதைவிட நல்ல நேரம் வராது. யார் பேசுவது என்று கூட்டம் போட்டார்கள். தென்சியோ தொண்டையைச் செருமிக்கொண்டு எழுவதற்குள் மாந்திங் எழுந்தான்.

"என் மாரே பூரிங் பேசட்டும்."

"ஆமா, மாரேயே பேசட்டும்," என்றான் ரொமுலோ.

வரிசை வரிசையாகக் கூடம் முழுக்க மாரே, மாரே என்று சத்தம். பூரிங் பின்னாலிருந்து பிடரியைப் பார்த்தாள். மடிப்புகளில் ஒன்று மெல்லச் சிவந்தது. தென்சியோ திரும்பினார், முகத்தைச் சரிசெய்துகொண்டு.

"என் பேத்தியோட ஞானத்தாய். நான் வேண்டாம்பேனா? ஆனா மாரே, கொஞ்சம் பக்குவமா. பழச எல்லாம் கிண்ட வேண்டாம். நம்ம வீட்டுச் சண்டைய அவன் பாத்தான்னா மறுபடி மணிலாவுக்குத்தான் குடுப்பான்."

அவர் சொன்னதில் தவறில்லை என்பதுதான் பூரிங்கை எரித்தது. குழுவின் முன்னால் தென்சியோவின் பெயரை இழுத்தால், உள்ளூர்க்காரர்கள் இப்படித்தான் என்று சாலை கைவிட்டுப் போகும். இழுக்காவிட்டால், விழுந்த சுவர் சாகும்வரை அவள் பெயரிலேயே விழுந்து கிடக்கும். அவளுக்கு இரண்டும் வேண்டும். சாலையும் துண்டாகி வர வேண்டும், சுவரும் அவள் பெயரிலிருந்து இறங்க வேண்டும். அதுவும் இறக்கி வைப்பது தென்சியோவின் வாயாகவே இருக்க வேண்டும்.

விசாரணை நாளன்று அவள் நன்றாகவே பேசினாள். மணிலா இயந்திரம் ரிப்பேரானால் ஆள் வரப் பத்து நாள். மாந்திங்கின் இயந்திரம் ரிப்பேரானால் அவன் மச்சான் பின்வாசல் வழியாக வருவான் என்றாள். சாலை பாதியில் நின்றதால் இகாய் பெண்கள் பிரசவத்துக்கு ஸ்ட்ரெச்சரில் இறங்குவதைச் சொன்னாள். அழுது வடியாமல், ஸ்ட்ரெச்சர் எந்த வளைவில் சாய்கிறது என்பதை மட்டும். குழுத் தலைவி கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு கேட்டாள்:

"சரி. துண்டு துண்டாக் குடுத்துட்டோம். நாளைக்கு இடிஞ்சா யாரப் பிடிக்கிறது? இதே மலைல உங்க ஆளுங்க சுவர் விழுந்துருக்கில்ல?"

முன்வரிசையில் தென்சியோ அசையாமல் இருந்தார். எழுந்து வந்து மைக்கை வாங்க இப்போது முடியாது.

"விழுந்துச்சு மேடம். என் சுவருதான். அதனாலதான் நான் சொன்னா நம்பலாம்." அவள் சங்கத்துக்காரர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு மேலே சொன்னாள். "வேலையக் குடுக்கிறதுக்கு முன்னாடியே எங்க நிர்வாகிங்க ஒவ்வொருத்தரும் கட்டின சுவர்ல ஒண்ண, உங்க இஞ்சினியர் முன்னால நாங்களே உடைச்சுத் திறந்து காட்டறோம். எந்தச் சுவருன்னு கட்டினவங்க சொல்லக்கூடாது. சங்கப் பொதுக்கூட்டம் சொல்லணும். தலைவர்ல இருந்து ஆரம்பிக்கிறோம். எங்க தலைவர் பெரிய மனுஷன், முதல்ல தன் சுவரத்தான் காட்டணும்பாரு."

குழுத் தலைவி முதல்முறையாகச் சிரித்தாள். "அப்படியா தலைவரே?"

தென்சியோ எழுந்தார். "பெருமையோட," என்றார். வேறு என்ன சொல்வார்?

இகாய் சாலையைத் துண்டுகளாகப் பிரித்துத் தர, அந்தச் சோதனை முடிந்தால் சம்மதம் என்று குழு எழுதிக்கொண்டு போனது. திரும்பி வரும் பேருந்தில் ஆட்டம் பாட்டம். தென்சியோ தன் காரில் வந்தார்.

அந்த வாரமே அவர் பூரிங் வீட்டுக்கு வந்தார், நிலக்கடலை மிட்டாய்ப் பெட்டியோடு. பேத்தியையும் தூக்கி வந்திருந்தார். பூரிங் பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, கழுத்து மடிப்பில் வேர்க்குரு இருக்கிறதா என்று பார்த்தாள்.

"மாரே," என்றார், "கடற்கரைச் சாலைச் சுவர் இருக்கே."

"இருக்கு."

"பொதுக்கூட்டத்துல அதோட பேரு வராம இருந்தா நல்லது."

அந்தச் சுவரைப் பூரிங்குக்குத் தெரியும். எந்தத் தாங்குசுவருக்கும் பின்னால் ஊறுகிற தண்ணீர் வெளியேற, குறுக்கே வடிகுழாய்கள் செருகியிருக்கும். மழை விட்டபின்னும் இரண்டு மூன்று நாள் அவற்றிலிருந்து சொட்டும். தென்சியோவின் கடற்கரைச் சுவரில் வரிசையாக அழகான குழாய் வாய்கள். அடைமழை பெய்தாலும் ஒன்றிலும் ஒரு சொட்டு வராது. கையளவு நீளத்துக்குக் குழாயை வெட்டி முகப்பில் மட்டும் பதித்துவிட்டு, பின்னால் வெறும் சுவர். அந்தச் சாலையில் போகிற ஒப்பந்தக்காரன் எவனுக்கும் அது தெரியும். பாரேயின் சுவர் ஆயிற்றே என்று எல்லாரும் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு போவார்கள்.

"நான் அந்தச் சுவரச் சொல்லமாட்டேன்," என்றாள் பூரிங். "மாதா மேல சத்தியம். ஆனா நீங்க ஒண்ணு சொல்லணும்."

"என்ன?"

"இகாய்ல குழாய் வாய மூடினது யாரு, அப்புறம் தோண்டி எடுத்தது யாருன்னு. மைக்ல. எல்லாக் குடும்பமும் இருக்கும்போது."

"மாரே! அது ஆறிப்போன புண்ணு."

"மேல பொருக்குத் தட்டியிருக்கு. ஆறல. எனக்கு வித்தியாசம் தெரியும், அதுக்குத்தான் படிச்சேன்."

"பாப்பா முகத்தப் பாத்தாவது..."

"பாத்துட்டுத்தான் இருக்கேன். வேர்க்குரு இருக்கு. பவுடர் போடாதீங்க, தண்ணில துடைச்சுக் காய விடச் சொல்லுங்க ஜோவெலின."

தென்சியோ மிட்டாய்ப் பெட்டியைப் பார்த்தார். அவர் போட்ட கணக்கு இன்னதென்று பூரிங்குக்கு அவர் நெற்றியிலேயே தெரிந்தது. இவள் வாயை அடைத்தால் போதும். மற்றவர்கள் எல்லாரும் தன் பாரேக்கள். இத்தனை வருஷம் வாய் திறக்காதவர்கள் இப்போது மட்டும் திறக்கப்போகிறார்களா? பழைய குழாயை ஒரு வேலைக்காரன் தலையில் போட்டு, இரண்டு வார்த்தை வருத்தம் சொல்லிவிட்டு இறங்கிவிடலாம்.

"சரி," என்றார்.

"வேலைக்காரன் மேல போடக்கூடாது. 'நான்'னு ஆரம்பிக்கணும்," என்றாள் பூரிங்.

பொதுக்கூட்டம் வழக்கம்போல் குடும்ப விழாவாக நடந்தது. சங்கக் கூடத்தில் நூடுல்ஸும் வாழையிலையில் சுற்றிய பசையரிசிப் பண்டமும், வாசலில் நெருப்பில் சுட்ட முழுப் பன்றியும். பிள்ளைகள் நாற்காலிகளுக்கு அடியில் ஊர்ந்தன. தென்சியோவின் பேத்தி பூரிங்கின் மடியில். அவள் அன்று பின்வரிசையில் உட்காரவில்லை. ஓரமாக, எல்லா முகமும் தெரிகிற இடத்தில் உட்கார்ந்தாள்.

தென்சியோ மேடையேறினார். சுற்றி வளைத்தார், மறைந்த பொன்சிங்கை இரண்டு தடவை நல்லவன் என்றார், ஒற்றுமை என்றார். பூரிங் அவர் கண்ணையே பார்த்தாள். அவர் ஒருமுறை தண்ணீர் குடித்தார்.

"நான்," என்றார். "இகாய் மலைல குழாய் வாய மூடினது என் ஆளுங்க. நான் பாத்தேன். நான்தான் விடுங்கடான்னு சொன்னேன். புயலுக்கு அப்புறம் தோண்டி எடுக்கச் சொன்னதும் நான்தான். சுமாந்தே சுவர்ல குத்தமில்ல."

யாருக்கும் இது புதிய சேதியில்லை. ஆனால் தெரிந்த ஒன்றை மைக்கில் கேட்பது வேறு. எல்லாரும் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தார்கள்; அவனுக்கும் தெரியும் என்பது ஒவ்வொருவனுக்கும் அப்போதுதான் தெரிந்தது. செருப்பைப் பார்த்தவர்கள், கூரையைப் பார்த்தவர்கள் எல்லாருடைய பெண்டாட்டிகளும் அங்கே இருந்தார்கள். மாந்திங்கின் பெண்டாட்டி அவன் பக்கம் திரும்பி, மெதுவாகத்தான், ஆனால் கேட்கும்படி சொன்னாள்: "நம்ம பிள்ளைய ஆஸ்பத்திரில உக்காந்து பாத்தவ. நீயும் தெரிஞ்சுதான் வாய மூடிட்டு இருந்தியா?"

அப்படி ஒரு சுகத்தைப் பூரிங் அதற்கு முன் அனுபவித்ததில்லை. நல்ல பசியில் சாப்பிடுகிற மாதிரி இருந்தது. பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டாள்.

செயலாளர் எழுந்து, அடுத்தது சோதனைக்குத் திறக்க வேண்டிய சுவர், தலைவருடையதில் எதை என்று பொதுக்கூட்டம் சொல்லலாம் என்றார். தென்சியோ மேடையிலேயே உட்கார்ந்து பூரிங்கைப் பார்த்தார். அவள் அவரையே பார்த்தாள். அவள் வாய் திறக்கவில்லை.

மாந்திங் எழுந்தான்.

"கடற்கரைச் சுவர்."

"பாரே!" என்றார் தென்சியோ.

"பாரேதான். இல்லன்னு சொல்லல. குழு எழுதிட்டுப் போயிருக்கு. நாளைக்கு நான் ஒரு துண்டு எடுக்கணும், ரொமுலோ ஒரு துண்டு எடுக்கணும். நல்ல சுவரா பாத்துக் காட்டிட்டு, அந்தச் சொட்டாத சுவர் அப்புறமா விழுந்துச்சுன்னா, அன்னிக்கு யாரு பல்லப் பிடுங்குவீங்க? என்னுதா?"

"கடற்கரைச் சுவர்," என்றான் ரொமுலோ. கை தூக்கினான். பின்னால் ஒவ்வொன்றாகக் கைகள் எழுந்தன. சில கைகளைப் பக்கத்திலிருந்த பெண்டாட்டிகள் தூக்கிவிட்டார்கள்.

தென்சியோ மேடையை விட்டு இறங்கி நேரே பூரிங்கிடம் வந்தார். முகத்தைச் சரிசெய்துகொள்ள மறந்திருந்தார்.

"சத்தியம் பண்ணினீங்க மாரே. மாதா மேல."

"பண்ணினேன். நான் சொல்லல. ஒரு வார்த்தை சொன்னேனா? கையாவது தூக்கினேனா?"

"இப்படி ஆகும்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்," என்றாள் பூரிங். "இகாய்ல மழை வந்தா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரியே."

ஜோவெலின் வந்தாள். மாமனாரைப் பார்க்கவில்லை, பூரிங்கையும் பார்க்கவில்லை. பிள்ளையை மடியிலிருந்து தூக்கினாள். பிள்ளை பூரிங்கின் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றது. இனி இந்தப் பிள்ளையை இங்கே கொண்டுவர மாட்டார்கள் என்பது பூரிங்குக்கு இந்த ஏற்பாட்டில் இறங்கும்போதே தெரியும். வேண்டாம் என்று அப்போது தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை. ஆனால் பிள்ளையின் கனம் இல்லாமல் போன மடி சற்றுக் குளிர்ந்தது. விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல், விலக்கிவிட்டாள்.

மாந்திங் பக்கத்தில் வந்து தலையைச் சொறிந்தான். "மாரே, சுவர உடைக்க நல்ல கம்ப்ரெசர் உங்ககிட்டதான் இருக்கு. ஆனா நீங்க சத்தியம்..."

"நான் உடைக்கமாட்டேன்," என்றாள் பூரிங், சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு. "வாடகைக்குக் கேட்டா யாருக்கும் குடுப்பேன். பெரோங்கிட்டக் கேளு. டீசல் உங்களுது."